கார் ரேடியேட்டருக்கு சி.எஃப்.டி.: முதல் தடவை செய்பவர்களுக்குப் படிப்படியாக

ரேடியேட்டர் வழியாக எவ்வளவு காற்று போகிறது, எவ்வளவு வெப்பம் வெளியேறுகிறது என்று கணினியில் கணக்கிடும் சி.எஃப்.டி. வேலை உங்கள் மேசைக்கு வந்திருக்கிறதா? கேட் ஃபைல் (பாகங்களின் கணினி வரைபடம்) கிடைத்த அன்றே மெஷ் போட, அதாவது இடத்தைச் சிறு செல்களாகப் பிரிக்க, உட்காராதீர்கள். இந்த வேலையில் மெஷ்ஷுக்கு முன்னால் முடிக்க வேண்டியவை நிறைய இருக்கின்றன. அவற்றை விட்டுவிட்டு ஓடினால், படம் அழகாக வரும், எண் தப்பாக இருக்கும், ஏன் தப்பு என்று கண்டுபிடிக்கவும் முடியாது.

படிகளை ஓபன்ஃபோம் என்ற சி.எஃப்.டி. மென்பொருளை வைத்து எழுதியிருக்கிறேன். ஃப்ளூயன்ட், ஸ்டார் சி.சி.எம். பிளஸ் வைத்திருப்பவர்களுக்கும் வரிசை இதேதான். மெனு பெயர்கள்தான் வேறு. உதாரணத்துக்கு முழுக்க ஒரே ரேடியேட்டர்: கோரின் (டியூபும் ஃபின்னும் அடுக்கிய நடுப்பகுதி) அகலம் 600 மி.மீ., உயரம் 400 மி.மீ., தடிமன் 25 மி.மீ. தட்டை டியூப்கள் படுக்கைவாட்டில், 10 மி.மீ.க்கு ஒன்று. இடையில் லூவர் (சாய்ந்த சிறு பிளவுகள்) வெட்டிய அலுமினிய ஃபின் (மெல்லிய தகடு), 1.25 மி.மீ.க்கு ஒன்று. இவை கணக்குப் போட்டுக் காட்டுவதற்கான எண்கள். உங்கள் ரேடியேட்டருக்கு அப்படியே எடுத்துப் போட்டுவிடாதீர்கள்.

1. எந்தக் கேள்விக்குப் பதில் வேண்டும்?

ஃபின்னின் வடிவத்தை மாற்றிப் பார்க்க வேண்டுமா, அல்லது இருக்கிற ரேடியேட்டர் இந்தக் காரில் போதுமா என்று பார்க்க வேண்டுமா? இரண்டும் வெவ்வேறு வேலைகள்.

ஃபின் வடிவம்தான் கேள்வி என்றால், ஒரே ஒரு ஃபின் இடைவெளியை மட்டும் எடுத்து, பக்கங்களில் மீள்தொடர் எல்லை (அதே துண்டு திரும்பத் திரும்ப வருவதாகக் கொள்வது) கொடுத்து ஓட்டுங்கள். அங்கே காற்று பெரும்பாலும் லாமினார்தான், அதாவது கொந்தளிப்பில்லாமல் சீராக ஓடும். லூவர் அகலம் 1.2 மி.மீ., வேகம் வினாடிக்கு 5 மீட்டர் என்றால் கொந்தளிப்பு வருமா என்று காட்டும் ரெனால்ட்ஸ் எண் 400-ஐக்கூடத் தொடாது. பழக்கதோஷத்தில் கே-எப்சிலான் என்ற கொந்தளிப்பு மாடலையும் சுவர்ச் சூத்திரத்தையும் போட்டுவிட்டால் வெப்பமும் அழுத்தமும் இரண்டுமே கெடும்.

கார்தான் கேள்வி என்றால், ஃபின்களை வரையவே வேண்டாம். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 40 ஃபின் வரிசை, ஒவ்வொன்றிலும் 480 ஃபின், மொத்தம் 19,200. ஒன்றுக்கு 5 லட்சம் செல் வைத்தாலும் 960 கோடி செல்கள் ஆகும். அதனால் கோர் முழுவதையும் காற்றைத் தடுக்கும் ஒரு பெட்டியாக, அதாவது போரஸ் பகுதியாக வைப்பதே வழக்கம். அந்தப் பெட்டிக்குள் நடப்பதை சாஃப்ட்வேர் கண்டுபிடித்துத் தராது. டெஸ்ட் எண்களை நீங்கள்தான் கொடுக்க வேண்டும். இனி வருவதெல்லாம் இந்த இரண்டாவது வேலைக்கு.

2. கேட்டு வாங்க வேண்டிய தாள்கள்

வேலை கைக்கு வந்த அன்றே இதற்கு மெயில் போடுங்கள். சப்ளையரிடமிருந்து டெஸ்ட் தாள் வர வாரக்கணக்கில் ஆகும். ரகசிய ஒப்பந்தம் கையெழுத்தாக வேண்டியிருந்தால் இன்னும் தள்ளிப்போகும்.

- காற்றுப்பக்க அழுத்த இழப்பு: வினாடிக்கு 1 முதல் 8 மீட்டர் வரை, குறைந்தது ஐந்து வேகங்களில்.
- வெப்ப வெளியேற்ற அட்டவணை: பல காற்று வேகம், பல கூலன்ட் ஓட்டம், இரண்டுக்கும் சேர்த்து. ஒற்றை எண் மட்டும் கொடுத்தால் ஏற்காதீர்கள்.
- முன்னால் நிற்கும் ஏ.சி. கண்டென்சருக்கும் இதே இரண்டு தாள்கள். சார்ஜ் ஏர் கூலர் (டர்போ இன்ஜினுக்குப் போகும் காற்றைக் குளிர்விப்பது) இருந்தால் அதற்கும்.
- ஃபேன் வளைவு: காற்றின் அளவு, அழுத்த உயர்வு, சுற்று வேகம் மூன்றும்.
- கூலன்ட் என்ன கலவை, பம்ப் எவ்வளவு தள்ளுகிறது, ரேடியேட்டருக்குள் நுழையும்போது அதிகபட்சம் எத்தனை டிகிரி அனுமதி.
- கோர், ஷ்ரவுட் (ஃபேனைச் சுற்றிய கூடு), ஃபேன், பம்பர், கிரில் ஆகியவற்றின் கேட். ஓரத்தில் ஒட்டும் ஃபோம், ரப்பர் சீல் உட்பட.

தாள் வந்ததும் இரண்டு விஷயங்களைத் திருப்பிக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். வேகம் என்று போட்டிருப்பது கோருக்கு முன்னால் உள்ள முகப்பு வேகமா, ஃபின்களுக்கு இடையில் உள்ள வேகமா? டெஸ்ட் நடந்தபோது காற்றின் வெப்பநிலை என்ன, கோருக்குள் கூலன்ட் சூடாக ஓடியதா? சூடான கோரில் காற்று விரிந்து வேகம் கூடும். அதே நிறை ஓட்டத்துக்கு அழுத்த இழப்பும் கூடும்.

3. சாஃப்ட்வேர், கணினி, செலவு

ஓபன்ஃபோம் இலவசம், ஆனால் இரண்டு கிளைகளாக வருகிறது. ஒன்றின் பதிப்பு எண் 10, 11, 12 என்று போகும். மற்றொன்றின் எண் வி2312, வி2406 என்று ஆண்டையும் மாதத்தையும் சேர்த்து வரும். ஒன்றுக்கு எழுதிய கேஸ் ஃபைல் (கணக்கின் அமைப்புக் கோப்பு) மற்றதில் அப்படியே ஓடாது. முதல் கிளையில் 9-ஆம் பதிப்போடு, கோரின் வெப்ப மூலம் போன்றவற்றை எழுதும் எஃப்வி-ஆப்ஷன்ஸ் ஃபைலின் பெயரே மாறிவிட்டது. 11-ஆம் பதிப்பிலிருந்து சால்வர்களை (கணக்கைத் தீர்க்கும் நிரல்களை) அழைக்கும் விதமும் மாறிவிட்டது. வலையில் கிடைக்கும் பயிற்சியைப் பின்பற்றும் முன் அது எந்தக் கிளை, எந்தப் பதிப்பு என்று பாருங்கள். ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் வேலை முடியும்வரை அதிலேயே இருங்கள்.

ஃப்ளூயன்டின் மாணவர் பதிப்பும் இலவசம்தான். ஆனால் செல் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு, கம்பெனி வேலைக்குப் பயன்படுத்தவும் கூடாது. கோரை மட்டும் வைத்துப் பழக அது போதும். முழு முன்பகுதிக்குப் போதாது.

ராம் கணக்கு எளிது: 10 லட்சம் செல்லுக்குச் சுமார் 2 ஜி.பி. முன்பகுதி மட்டும் என்றால் 1.5 முதல் 2 கோடி செல் வரும், 64 ஜி.பி. வைத்துச் சமாளிக்கலாம். 32 பிராசஸர் கோரில் ஒரு நிலை (8-ஆம் படியில் வரும் ஓட்டச் சூழல்) முடிய ஓர் இரவு என்று வைத்துக்கொள்ளுங்கள். கிளவுடில் வாடகைக்கு எடுத்தால் 32 கோர் × 8 மணி = 256 கோர்-மணி; அதை அவர்கள் கட்டணத்தால் பெருக்கி, நிலைகளின் எண்ணிக்கையால் பெருக்கி, மெஷ் சரியில்லாமல் மறுபடி ஓட்டுவதற்காக அதை இரட்டிப்பாக்கி பட்ஜெட் கேளுங்கள். ரன் முடிந்ததும் மெஷினை நிறுத்தும் கட்டளையை ஸ்கிரிப்டிலேயே எழுதிவிடுங்கள். சும்மா நிற்கும் மெஷினுக்கும் மீட்டர் ஓடும்.

4. அழுத்த இழப்பிலிருந்து இரண்டு கெழுக்கள்

நிதானமாகச் செய்ய வேண்டிய படி இது. டெஸ்ட் தாளில் இப்படி இருக்கிறது என்று வைப்போம்: வினாடிக்கு 2 மீட்டரில் 50 பாஸ்கல், 4-இல் 130, 6-இல் 240, 8-இல் 380.

இதற்கு, அழுத்த இழப்பு = அ × வேகம் + ஆ × வேகத்தின் வர்க்கம் என்று வளைவு பொருத்துங்கள். எக்செலில் இரண்டாம்படி டிரெண்ட்லைன் போட்டு, வெட்டுத்துண்டு பூஜ்யம் என்ற பெட்டியில் மறக்காமல் டிக் அடியுங்கள். நின்ற காற்றுக்கு அழுத்த இழப்பு கிடையாது. டிக் இல்லாவிட்டால் எக்செல் ஏதோ ஒரு மாறிலியைச் சேர்த்துவிடும். நம் எண்களுக்கு அ = 17.5, ஆ = 3.75.

'அ'விலிருந்து டார்சி கெழுவும் 'ஆ'விலிருந்து ஃபோர்க்ஹைமர் கெழுவும் (போரஸ் பகுதியின் தடையைச் சொல்லும் எண்கள்) எடுக்க, அடுத்து கோர் தடிமனால் வகுக்க வேண்டும். 20 டிகிரியில் காற்றின் பாகுநிலை 1.8 × 10⁻⁵, அடர்த்தி 1.2, தடிமன் 0.025 மீட்டர்.

டார்சி கெழு = 17.5 ÷ (1.8 × 10⁻⁵ × 0.025) = 3.9 × 10⁷
ஃபோர்க்ஹைமர் கெழு = 2 × 3.75 ÷ (1.2 × 0.025) = 250

இந்த இரண்டு எண்கள்தான் ஃபைலுக்குள் போகும். இங்கே விழும் குழிகள்:

'அ' எதிர்மறையாக வருவது. டெஸ்ட் எண்கள் அதிக வேகத்தில் மட்டும் இருந்தால் இப்படி ஆகும். அப்படியே போட்டால் குறைந்த வேகத்தில் கோர் காற்றைத் தடுப்பதற்குப் பதிலாகத் தள்ளத் தொடங்கும். குறைந்த வேக எண்களைக் கேட்டு வாங்குவதுதான் மருந்து.

கேடில் உள்ள தடிமனும் கெழுவில் போட்ட தடிமனும் பொருந்தாதது. டிசைனர் டேங்கின் தடிமனைக் கோருக்கு வரைந்து 40 மி.மீ. ஆக்கியிருப்பார், நீங்கள் 25-க்குக் கெழு எடுத்திருப்பீர்கள். தடை 1.6 மடங்காகிவிடும்.

குறுக்குத் திசைகள். டியூபும் ஃபின்னும் காற்றைப் பக்கவாட்டில் போகவிடாது. ஆகவே மற்ற இரண்டு திசைகளிலும் கெழுவை 100 முதல் 1000 மடங்கு வையுங்கள். ஓபன்ஃபோமில் அந்த இடத்தில் -1000 என்று போட்டால், மிகப் பெரிய கெழுவின் 1000 மடங்கு என்று அதுவே எடுத்துக்கொள்ளும். அதற்கு மேல் ஏற்றினால் சால்வர் திணறும்.

சாய்வு. பல கார்களில் ரேடியேட்டர் சில டிகிரி சாய்ந்து நிற்கும். கோரின் அச்சுகளைக் கொடுக்கும்போது அந்தச் சாய்வையும் கொடுங்கள். காரின் நேர் அச்சைக் கொடுத்துவிட்டால் சால்வர் குறை சொல்லாது. காற்று கோருக்குள் தவறான திசையில் திரும்பிப் போய்க்கொண்டிருக்கும்.

5. குழாய்ச் சோதனை: காரில் வைக்கும் முன்

600 × 400 மி.மீ. குறுக்குவெட்டில் நேரான குழாய், நடுவில் கோர், நுழைவில் வினாடிக்கு 4 மீட்டர், சுவரில் உராய்வு இல்லாத எல்லை. பத்து நிமிட வேலை. முன்னும் பின்னும் அழுத்த வித்தியாசம் 130 பாஸ்கல் வர வேண்டும். 1 சதவீதத்துக்கு மேல் விலகினால் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

108 என்று வந்தால் பதற வேண்டாம். ஓபன்ஃபோமின் சிம்பிள்ஃபோம் சால்வர் அழுத்தத்தை அடர்த்தியால் வகுத்துத்தான் காட்டும். 1.2-ஆல் பெருக்குங்கள், 130 வந்துவிடும். இந்த 1.2 மடங்கு குழப்பத்தை இங்கேயே தீர்த்துவிடாதவர்கள், கடைசி ரிப்போர்ட்டில் ஃபேனைக் குறை சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

பிறகு 2-க்கும் 8-க்கும் ஓட்டிப் பாருங்கள். கண்டென்சருக்கும் தனியாக இதே சோதனை.

6. மெஷ்

கோரை அறுமுகச் செல்களால் நிரப்புங்கள்; தடிமன் திசையில் குறைந்தது ஐந்து அடுக்கு, முகப்பில் 3 முதல் 5 மி.மீ. கிரில் பட்டைகளுக்கு 2 மி.மீ. அளவு. மெஷ்ஷைச் சோதிக்கும் செக்மெஷ் கட்டளையில் செங்கோண விலகல் 70 டிகிரிக்குள், கோணல் அளவு 4-க்குள் இருக்கட்டும்.

மெஷ்ஷில் உண்மையான சிக்கல், கேடைச் சுத்தம் செய்யும்போது வருகிறது. ரேடியேட்டருக்கும் பக்கத்துத் தகட்டுக்கும் நடுவே 5 மி.மீ. இடைவெளி இருக்கும். சின்னது என்று அதை மூடிவிட்டு மெஷ் போடுவார்கள். கார் நிற்கும்போது ஃபேன் உறிஞ்சுவதால், பின்னால் போன சூடான காற்று அந்த இடுக்கு வழியாகத்தான் முன்னால் சுற்றி வந்து மறுபடி உள்ளே போகிறது. இடுக்கை மூடினால் ரேடியேட்டர் நிஜத்தைவிட நன்றாக வேலை செய்வதாகக் காட்டும். ஃபோம் இருக்கும் இடத்தை மூடுங்கள். இல்லாத இடத்தைத் திறந்தே விட்டு, இடுக்கின் குறுக்கே மூன்று நான்கு செல்களாவது வையுங்கள்.

7. ஃபேன்

ஃபேன் வளைவை ஒரு தட்டில் கொடுப்பது எளிது, சீக்கிரம் முடியும். ஆனால் ஷ்ரவுடுக்குள் காற்று சுழல்வது தெரியாது. இலைகளை வரைந்து, அந்தப் பகுதியைச் சுழலும் சட்டமாக வைக்கும் எம்.ஆர்.எஃப். முறை நடுத்தரம், பெரும்பாலான வேலைக்கு இது போதும். இலைகள் நிஜமாகவே சுற்றும் முறைக்குப் பல மடங்கு நேரம் பிடிக்கும். முதல் வேலைக்கு அது தேவையில்லை.

எம்.ஆர்.எஃப்.பில் இரண்டு கவனம். வேகத்தை ஓபன்ஃபோம் ரேடியனில் கேட்கும்: நிமிடத்துக்கு 2400 சுற்று என்றால் வினாடிக்கு 251.3 ரேடியன். அங்கே 2400 என்றே போட்டுவிட்டால் காற்று புயலாக வரும், உடனே கண்டுபிடித்துவிடலாம். கண்டுபிடிக்கக் கஷ்டமானது திசை. எதிர்த்திசையில் சுற்றும் ஃபேனும் காற்றைத் தள்ளத்தான் செய்யும், ஆனால் மறுபக்கமாக. அதனால் ஃபேனையும் குழாயில் தனியே வைத்து, வளைவில் உள்ள ஒரு புள்ளியோடு ஒப்பிட்டுவிடுங்கள். சுழலும் பகுதிக்குள் ஷ்ரவுட் சுவரோ மோட்டார் தாங்கியோ அகப்பட்டிருந்தால் அவற்றை நிலையானவை என்று தனியே குறியுங்கள்.

8. முதலில் காற்று மட்டும்

வெப்பத்தை அணைத்துவிட்டு காற்றை ஓட்டுங்கள். கொந்தளிப்புக்குக் கே-ஒமேகா எஸ்.எஸ்.டி. மாடல் போதும். தளர்வுக் காரணி (ஒவ்வொரு சுற்றிலும் விடை எவ்வளவு மாற அனுமதிப்பது என்ற எண்) அழுத்தத்துக்கு 0.3, வேகத்துக்கு 0.7.

குறைந்தது மூன்று நிலைகள்: கார் நின்றபடி ஏ.சி. ஓடுவது, 40 முதல் 60 கி.மீ. வேகத்தில் பாரத்தோடு மேடேறுவது, அதிவேகம். முதலாவதில் ஃபேன்தான் எல்லாம். மூன்றாவதில் காரின் வேகமே காற்றைத் தள்ளிவிடும். நடுவில் உள்ளதுதான் பெரும்பாலும் ரேடியேட்டரின் அளவைத் தீர்மானிக்கும், ஏனென்றால் இன்ஜின் முழு மூச்சில் இழுக்கிறது, காற்று போதாது. ஊட்டி போன்ற 2,240 மீட்டர் உயரத்துக்கு ஓட்டினால் அதே வெப்பநிலையில் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ கால்பங்கு குறைவு என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எச்சம் (சமன்பாடுகளில் மிஞ்சும் பிழை) 10⁻⁴-க்குக் கீழே போய்விட்டது என்று நிறுத்தாதீர்கள். கோர் வழியாகப் போகும் நிறை ஓட்டத்தை ஒவ்வொரு சுற்றிலும் எழுதவிட்டு, கடைசி 500 சுற்றில் அது 0.5 சதவீதத்துக்குள் நிலைத்திருக்கிறதா என்று பாருங்கள்.

9. வெப்பம்

மென்பொருளைத் தொடும் முன் தாளில் ஒரு கணக்கு. வெளிக்காற்று 45 டிகிரி, கூலன்ட் 105 டிகிரியில் நுழைகிறது, முகப்பு வேகம் வினாடிக்கு 4 மீட்டர். 45 டிகிரியில் காற்றின் அடர்த்தி 1.11; 1.2 அல்ல. முகப்பு 0.24 சதுர மீட்டர்.

நிறை ஓட்டம் = 0.24 × 4 × 1.11 = 1.066 கிலோ/வினாடி
அதிகபட்ச வெப்பம் = 1.066 × 1006 × 60 = 64.3 கிலோவாட்

அட்டவணையில் இந்த வேகத்துக்குத் திறன் (அதிகபட்ச வெப்பத்தில் நிஜமாக வெளியேறும் பங்கு) 0.65 என்றால் வெளியேறுவது 41.8 கிலோவாட், காற்று 84 டிகிரியில் வெளியேறும். பாதிக்குப் பாதி கிளைக்கால் கலந்த கூலன்ட் நிமிடத்துக்கு 90 லிட்டர் ஓடினால், அது ஏறத்தாழ 7.5 டிகிரி குளிரும். அடர்த்தியை 1.2 என்று போட்டிருந்தால் 45 கிலோவாட் வந்திருக்கும். தாளில் மட்டும் 8 சதவீதம் அதிகம்.

இதோடு கண்டென்சரைச் சேருங்கள். அது 9 கிலோவாட் கொட்டினால் காற்று ரேடியேட்டரை அடைவதற்குள் 8 டிகிரிக்கு மேல் சூடாகிவிடும். 60 டிகிரி வித்தியாசம் 52 ஆகிவிட்டது. ரேடியேட்டரைத் தனியாக ஓட்டிப் பார்த்து 'போதும்' என்று சொன்ன ரிப்போர்ட்கள் கவிழ்வது இங்கேதான்.

இனி சால்வரில். 41.8 கிலோவாட்டைக் கோர் முழுக்கச் சமமாகப் பரப்பிக் கொடுப்பதுதான் எல்லோரும் முதலில் செய்வது. வேண்டாம். பம்பர் மறைத்த மூலையில் காற்று வினாடிக்கு 0.4 மீட்டர்தான் போகிறது என்றால், அங்கே வெப்ப உயர்வு பத்து மடங்கு, அதாவது 390 டிகிரி ஆகிவிடும். 105 டிகிரி கூலன்ட் காற்றை 435 டிகிரிக்குச் சூடாக்குவதாகப் படம் காட்டும்.

ஓபன்ஃபோமில் இதற்கென்றே திறன் அட்டவணையை ஏற்கும் வெப்பப் பரிமாற்றி மாடல் இருக்கிறது. காற்று, கூலன்ட் இரண்டின் நிறை ஓட்டத்துக்கும் திறன் அட்டவணை கொடுத்தால், மொத்த வெப்பத்தைக் கணக்கிட்டு, அந்தந்த இடத்து வேகத்துக்கும் வெப்பநிலை வித்தியாசத்துக்கும் ஏற்பப் பங்கிடும். அட்டவணை கிலோ/வினாடியில் இருக்க வேண்டும், லிட்டர்/நிமிடம் போட்டுவிடாதீர்கள். நிறை ஓட்டத்தை அளக்கும் செல் முகங்களின் தொகுதி எந்தப் பக்கம் பார்க்கிறது என்றும் சரிபாருங்கள். ஃப்ளூயன்டில் மேக்ரோ, டூயல் செல் என்று இரண்டு வழி உண்டு. கூலன்ட் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக் குளிர்ந்துகொண்டே போவது செல் செல்லாகத் தெரிய வேண்டுமென்றால் இரண்டாவது.

எல்லா நிலைக்கும் ஒரே திறன் எண் போடக் கூடாது. காற்று வேகம் கூடினால் வெளியேறும் வெப்பம் கூடும், ஆனால் திறன் இறங்கும்.

இந்தச் சோதனையையும் முதலில் குழாயில் செய்யுங்கள்: 41.8 வருகிறதா? காற்று எடுத்துச் சென்ற வெப்பமும் கோர் கொடுத்த வெப்பமும் 1 சதவீதத்துக்குள் ஒத்துப்போகிறதா? வெளியேறும் காற்றின் சராசரி வெப்பநிலையை நிறை ஓட்டத்தை எடையாக வைத்து எடுங்கள். பரப்பளவுச் சராசரி எடுத்தால் மெதுவாகப் போகும் சூடான மூலைகள் எண்ணை ஏற்றிவிடும்.

10. ஒப்பிட்டு ஒப்படைப்பது

கோர் முகப்பில் சிறு காற்றாடி அனிமோமீட்டர்களைக் கட்டி அளந்த எண்கள் இருந்தால் முதலில் அவற்றோடு ஒப்பிடுங்கள். மொத்த ஓட்டம் சரியாக வந்து பரவல் தப்பாக வரலாம்; இரண்டையும் தனித்தனியே பாருங்கள். அளந்த எண் இல்லையென்றால், மெஷ்ஷை ஒரு முறை நுணுக்கி ஓட்டி, கோர் ஓட்டம் எத்தனை சதவீதம் மாறுகிறது என்பதையாவது ரிப்போர்ட்டில் போடுங்கள்.

ரிப்போர்ட்டில் வண்ணப் படங்களுக்கு முன்னால் ஓர் அட்டவணை வரட்டும்: ஒவ்வொரு நிலைக்கும் காற்றின் நிறை ஓட்டம், கோருக்கு முன்னால் காற்றின் வெப்பநிலை, வெளியேறிய வெப்பம், சுற்றி வந்த காற்றின் பங்கு. கீழே, டெஸ்ட் தாளின் தேதியும் பதிப்பு எண்ணும், கெழுக்களும், எந்த அடர்த்தியில் எடுத்தவை என்பதும். ஆறு மாதம் கழித்து சப்ளையர் ஃபின் இடைவெளியை மாற்றுவார். அன்றைக்கு 4-ஆம் படியிலிருந்து மறுபடி தொடங்க இந்த நான்கு வரிகள் இருந்தால், கேஸ் ஃபைலைத் தோண்ட வேண்டியிருக்காது.